எந்த இதழ், எந்தத் தேதி?

முதலில் ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுநகரத்தில், கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில், ஐம்பது அறுபது பேர் கூடியிருந்த கருத்தரங்கில் பேசினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலித் இதழ்கள் பற்றிய பேச்சு. இரட்டைமலை சீனிவாசன் நடத்திய ‘பறையன்’ இதழிலிருந்து என்று சொல்லி மூன்று வரி மேற்கோள் ஒன்றை வாசித்தேன். கைதட்டல் வாங்கும் தமிழ். ‘பறையன், 1892’ என்றும் முடித்தேன். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “தம்பி, நல்லா இருந்துச்சு. எந்த இதழ், எந்தத் தேதி? ஏன்னா அந்தப் பத்திரிகையே தொண்ணூத்தி மூணுலதானே ஆரம்பிச்சாங்க?” என்றார்.

எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, கோபம். ஆதாரம் கேட்பதே ஒரு ஆதிக்க மனோபாவம் என்று ஆரம்பித்தேன். எழுத்துப் பண்பாட்டின் வன்முறை, வாய்மொழி மரபின் எதிர்ப்பு, ஆவணம் என்பது அதிகாரத்தின் பிரதி என்று பத்து நிமிடம் பேசினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அதெல்லாம் சரிதான் தம்பி. தேதி?” என்றார்.

மண்டபமே சிரித்தது. கூட்டம் முடிந்து கீழே டீ குடிக்கும்போது அவராகவே பக்கத்தில் வந்தார். “நான் நம்ம ஆளுதான். இதை நாளைக்கு எங்க ஊர்ல நான் சொல்லுவேன். எதிராளி கேட்டா என்ன பதில் சொல்றதுன்னுதான் கேட்டேன்” என்றார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதிலில்லை. ஏனென்றால் அந்த மூன்று வரியை நான் எந்த இதழிலும் படித்ததில்லை. கைபேசியில் வந்த ஒரு படத்தில் படித்தேன்.

இதைத் தனிப்பட்ட அசட்டை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. நமது அறிவுச் சூழலின் ஒரு பழக்கம் இதில் இருக்கிறது. தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகள் வழியாக வந்துசேர்ந்த கோட்பாடுகளை, பின்னால் வந்து, பழைய இதழ்க் கட்டுகளைப் பிரித்துப் படித்து வளர்ந்தவன் நான். வரலாறு ஒரு கதையாடல், உண்மை என்பது சொல்லாடல்களின் விளைவு, ஆவணக்காப்பகம் நடுநிலையான இடமல்ல – இவை எனக்குக் கிடைத்த பெரிய திறப்புகள். இன்றும் இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆவணம் நடுநிலையானதல்ல என்பதிலிருந்து, ஆவணத்தைத் திறந்தே பார்க்கவேண்டாம் என்ற முடிவுக்கு நாம் எப்படி வந்துசேர்ந்தோம்?

நாம் மேற்கோள் காட்டும் ஆட்களையே எடுத்துக்கொள்வோம். ரணஜித் குஹா, எதிர்க் கிளர்ச்சியின் உரைநடை பற்றி 1983இல் எழுதிய கட்டுரையில், விவசாயிகளின் எழுச்சிகளைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் அவற்றை அடக்கியவர்களின் கடிதங்களும் அறிக்கைகளுமே என்பதைக் காட்டினார். அதற்காக அவர் அந்தக் கடிதங்களைத் தூக்கியெறியவில்லை. அவற்றுக்குள்ளேயே உட்கார்ந்து, யார், எப்போது, யாருக்கு எழுதியது என்று அடுக்கடுக்காகப் பிரித்தார். ஹைத்தியில் பிறந்த மிஷல்–ரோல்ஃப் த்ரூயோ 1995இல் வெளியிட்ட நூலில், மௌனம் வரலாற்றுக்குள் நான்கு கட்டங்களில் நுழைகிறது என்றார்: சான்று உருவாகும்போது, அது காப்பகத்தில் சேரும்போது, அதிலிருந்து கதை சொல்லப்படும்போது, பின்னால் அதற்கு முக்கியத்துவம் தரப்படும்போது. இந்த நான்கில் எந்தக் கட்டத்தில் எது விடுபட்டது என்று சொல்லவேண்டுமானால் நான்கு இடத்துக்கும் போய்ப் பார்த்தாகவேண்டும். நாமோ நான்காவது கட்டத்தில் மட்டும் நின்றுகொண்டு மற்ற மூன்றையும் விமர்சித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அந்த மூன்று வரி என்னவாயிற்று? தேடினேன். அந்தத் தேடலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோழர்கள் பலருக்கும் இந்த வழி உதவும்.

முதலில் இணையம். அந்த வரிகளைத் தேடுபெட்டியில் போட்டால் பன்னிரண்டு இடங்களில் வந்தது. எனக்குச் சந்தோஷம். பன்னிரண்டையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது சந்தோஷம் போய்விட்டது. பதினொன்றும் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரே எழுத்துப்பிழை பன்னிரண்டிலும் இருந்தது. முதலாவதில் ஆதாரம் எதுவும் இல்லை. ஒரே ஒரு சாட்சி, அதுவும் பெயரில்லாத சாட்சி, பன்னிரண்டு முறை கூண்டில் ஏறியிருக்கிறது. பிழைகளைப் பின்தொடர்வது பழைய சுவடிப் பதிப்பாசிரியர்களின் முறை. இரண்டு ஏட்டில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சந்தேகிக்கவேண்டும். தமிழ் எம்.ஏ.வில் பாடபேதம் பற்றி மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன்தான் நான். அதைக் கைபேசிக்குப் பயன்படுத்தலாம் என்று அதுவரை தோன்றவில்லை.

அண்மைக்காலமாக, கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித்தரும் கருவிகள் வந்திருக்கின்றன. ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். ஆண்டு, மாதம், தேதியோடு இன்னும் அழகான ஒரு மேற்கோளைக் கொடுத்தது. எங்கே படித்தாய் என்று கேட்டதும் மன்னிப்புக் கேட்டது. நான் மண்டபத்தில் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அது மன்னிப்பாவது கேட்டது.

இதற்காக இணையத்தைத் திட்டவேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டம் – இவை இல்லாமல் என்னைப் போல் ஊரிலிருந்து எழுதுகிறவனால் பாதி வேலைகூடச் செய்யமுடியாது. ஆனால் அங்கே தேடுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும். பழைய அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா, லை, ளை போன்ற வடிவங்களில் தடுக்கி விழுகிறது. தேடினேன், இல்லை என்று நாம் சொல்வதில் பாதி, மென்பொருளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான். பெயரும் அப்படி. சீனிவாசன், ஸ்ரீநிவாசன், இரட்டைமலை, ரெட்டைமலை, அயோத்திதாசர், அயோத்திதாஸ், பண்டிதர். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கவேண்டும். ஆண்டும் ஏமாற்றும். பழைய நூலில் ‘விஜய வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1893ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சி. தாளும் எழுத்தும் பேசப்படும் விஷயமும்தான் எது என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்த நூலின் நடுப்பக்கத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். எத்தனையாவது பதிப்பு, எந்த அச்சுக்கூடம், முன்னுரை எழுதியவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வலையேற்றும்போது அந்தப் பக்கங்களே காணாமல் போயிருந்தால், அது பாதிச் சான்று என்றே கணக்கில் வைக்கவேண்டும்.

இணையம் முடிந்து நூலகம். நான் போய்க் கேட்ட எந்த நூலகத்திலும் ‘பறையன்’ இதழ் ஒன்றைக்கூட என் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. ஓரிடத்தில் ஊழியர் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, “அப்படியெல்லாம் இங்க கிடையாது” என்றார். பட்டியலைப் பார்த்துச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அதை இங்கே வளர்க்க விரும்பவில்லை. 1893இல் தொடங்கி 1900 வரை நடந்த ஒரு இதழ். அதன் குரலென்று இன்று நம்மை வந்தடைந்திருப்பதில் பெரும்பகுதி எதன் வழியாக வந்தது தெரியுமா? அரசாங்கத்தின் வழியாக.

காலனிய அரசு சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணித்தது. மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது இதழ்களைப் படித்து, அரசுக்குத் தெரியவேண்டியவை என்று தோன்றியதை மட்டும் ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்துக்கான இந்த அறிக்கைகள் எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளிலும் உள்ளன. இதழின் பெயர், ஊர், தேதி, அதன்கீழ் சில வரி. போலீஸ், நீதிமன்றம், கல்வி, உள்ளாட்சி, நிலம் என்று தலைப்புகள். சீனிவாசனின் இதழும் அங்கே அப்படித்தான் தலைகாட்டுகிறது.

இங்கே கொஞ்சம் நிதானிக்கவேண்டும். இது இதழ் அல்ல. இதழைப் படித்த ஒரு அரசு ஊழியரின் ஆங்கிலக் குறிப்பு. இதழில் வந்த பாட்டு, விளம்பரம், வாசகர் கடிதம், அடுத்தவாரம் எங்கே கூட்டம் என்ற அறிவிப்பு – இவற்றால் அரசுக்கு லாபமோ ஆபத்தோ இல்லை. எனவே பெரும்பாலும் இல்லை. அரசை நோக்கிய முறையீடு இருக்கும். தமக்குள் பேசிக்கொண்டது இருக்காது. இந்த அறிக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அக்காலத் தலித் இதழ்கள் அரசிடம் மனுப்போட்டுக்கொண்டே இருந்தன என்று ஒருவர் முடிவுகட்டினால், அது இதழ்களின் குணமா, வடிகட்டியின் குணமா? வடிகட்டியைப் பற்றித் தெரியாதவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். ‘தலித் இதழ்கள் வெள்ளைக்காரனிடம் கெஞ்சின’ என்று எழுதுகிற தேசியவாதி இதே வடிகட்டியில் வடிந்ததைத்தான் குடித்திருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலக் குறிப்பிலிருந்து நாம் மறுபடி தமிழுக்குக் கொண்டுவரும்போது, அந்தத் தமிழ் சீனிவாசனுடையதல்ல. நம்முடையது. அதை மேற்கோள் குறிக்குள் போட்டால், அவர் எழுதாத ஒரு வாக்கியத்தை அவர் வாயில் வைக்கிறோம். நான் மண்டபத்தில் வாசித்த மூன்று வரியின் தமிழ், இருபத்தோராம் நூற்றாண்டின் மேடைத் தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒருவர் அப்படி எழுதியிருக்கமாட்டார் என்று, தமிழ் படித்த எனக்கு முதல் வாசிப்பிலேயே உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. ஏன்? அது எனக்குப் பிடித்ததைச் சொன்னது. பிடித்ததைச் சொல்லும் சான்றை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

கண்காணிப்பின் கண் நமக்கு விட்டுச்சென்ற இன்னொரு சொத்தும் உண்டு. அச்சகங்கள், நூல்பதிவு பற்றிய 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம். அதன்படி அச்சான ஒவ்வொரு நூலும் பதிவாகவேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வந்தது: நூலின் பெயர், மொழி, ஆசிரியர், அச்சுக்கூடம், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை. எந்தத் தாழ்த்தப்பட்ட சாதிப் புலவர் எந்தத் தெருவில் எந்த அச்சுக்கூடத்தில் எத்தனை படி அச்சடித்தார் என்பதை, அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத இலக்கிய வரலாறுகளைவிட இந்தப் பட்டியல் நன்றாகச் சொல்லக்கூடும். நூல் அழிந்திருக்கலாம், அது இருந்தது என்பதற்குச் சான்று இருக்கும். ‘அவங்க என்னய்யா எழுதினாங்க’ என்று கேட்பவருக்கு நான் முதலில் நீட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

சரி, அரசின் கண்ணில் படாததை எங்கே தேடுவது? சம்பந்தப்பட்டவரின் நினைவில். சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை வெளியிட்டார். அதில் ஒரு செய்தி வருகிறது. சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்து, அப்படி நடத்தினால் மேல்சாதியினரே அதிகாரிகளாகி ஒடுக்குவார்கள் என்று, 3,412 பேர் கையெழுத்துடன் 112 அடி நீள மனு ஒன்று ஜெனரல் செஸ்னி என்பவர் மூலம் பாராளுமன்றத்துக்குப் போனதாகச் சொல்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு எழுதிய நினைவு. நம்பலாமா?

நம்பலாமா என்பதைவிட, எதோடு ஒப்பிடலாம் என்று கேட்பது பயனுள்ளது. பாராளுமன்ற விவாதங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. தேர்வை இரு நாடுகளிலும் ஒரே சமயத்தில் நடத்தவேண்டும் என்ற தீர்மானம் 1893 ஜூன் 2 அன்று காமன்ஸ் சபையில் 84க்கு 76 என்ற கணக்கில் நிறைவேறியது. ஜெனரல் சர் ஜார்ஜ் செஸ்னி 1892 முதல் 1895இல் இறக்கும்வரை ஆக்ஸ்ஃபோர்டு தொகுதியின் உறுப்பினர். ஆக, சீனிவாசன் சொல்லும் மனிதர், அவர் சொல்லும் காலத்தில், அவர் சொல்லும் இடத்தில் இருந்திருக்கிறார். இது நிரூபணமல்ல. ஆனால் ஒரு முதியவரின் நினைவு வெளியிலுள்ள இரண்டு ஆணிகளில் சரியாக மாட்டுகிறது. அடுத்துத் தேடவேண்டிய இடம் அந்தச் சபைக்கு வந்த மனுக்களைப் பதிவுசெய்த குழுவின் அறிக்கைகள். இப்படி ஒவ்வொரு அடியிலும் அடுத்த கதவு எது என்று தெரிவதைத்தான் நல்ல சான்று என்கிறேன். என் மூன்று வரி மேற்கோள் எந்தக் கதவையும் காட்டவில்லை. அது ஒரு சுவர்.

காப்பகமும் நூலகமும் தவறவிட்டதை வீடுகள் காப்பாற்றியிருக்கின்றன. அயோத்திதாசர் 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி, பிறகு ‘தமிழன்’ என்ற பெயரில் 1914இல் இறக்கும்வரை நடத்திய வார இதழ் இன்று நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அன்பு பொன்னோவியம் போன்றோர் அதைத் தங்கள் பொறுப்பில் பாதுகாத்ததுதான். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அதற்குமுன் அயோத்திதாசர் நமது சிந்தனை வரலாறுகளில் ஒரு அடிக்குறிப்பாகக்கூட அநேகமாக இல்லை. ஒரு மூலம் கைக்கு வந்ததும் திராவிட இயக்க வரலாறு, தமிழ்ப் பௌத்தம், சாதியெதிர்ப்பு மரபு எல்லாவற்றையும் திருப்பி எழுதவேண்டி வந்தது. எத்தனை கோட்பாட்டுக் கட்டுரைகள் சேர்ந்தும் செய்யமுடியாத காரியம் அது.

நன்றியோடு ஒரு விமர்சனத்தையும் சொல்லவேண்டும். அந்தத் தொகுதிகள் அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டவை. படிக்க வசதி. ஆனால் ஒரு புதன்கிழமை வந்த இதழில் எந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் எந்தச் செய்தி இருந்தது, யார் விளம்பரம் கொடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து யார் கேள்வி கேட்டார்கள் என்ற இதழின் உடம்பு அதில் இல்லை. இதழ் நூலாகும்போது ஆசிரியர் பெரிதாகிறார், வாசகர்கள் மறைகிறார்கள். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தவர்களும் வாங்கிப் படித்த இதழ் அது. தொகுதி நம் அலமாரியில் இருந்தாலும் மூல இதழைத் தேடுவதை நிறுத்தக்கூடாது என்பதற்கு இந்தக் காரணமே போதும்.

தங்கவயலின் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, பலர் தினமும் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தாத்தா வாங்கிப் படித்துக் கட்டிவைத்த தாள்களை இடம்பெயரும் வீட்டில் யார் சுமப்பார்கள்? எடைக்குப் போயிருக்கும் ஒவ்வொரு கட்டிலும் நாம் ‘மௌனம்’ என்று கோட்பாட்டுப் பெயர் வைத்து அழைக்கும் ஒன்று இருந்திருக்கலாம். எல்லா மௌனத்தையும் அதிகாரம் மட்டும் செய்வதில்லை. கரையான் செய்கிறது, மழை செய்கிறது, நமது அலட்சியமும் செய்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்கிறேன். நல்ல நூல், கெட்ட நூல் என்று பார்க்காமல், சமையல் புத்தகம், குஜிலிப் பாட்டு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தவர். 1992இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரத்தை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அந்த ஏற்பாட்டால் அது சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைத்தது. ஈழத்தில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தன்னார்வலர்கள், பள்ளி மலர், கோயில் மலர், நினைவு மலர் வரை மின்னாக்கம் செய்து வைக்கிறார்கள். தாளை இழந்தவர்களுக்குத்தான் தாளின் அருமை தெரிகிறது.

இப்போது என்னை நோக்கி ஒரு எதிர்க்கேள்வி வரும். வரவேண்டும். ‘ஆதாரம் எங்கே என்று ஒடுக்கப்பட்டவனைத்தான் எப்போதும் கேட்கிறார்கள். தலபுராணத்துக்கு யாராவது ஆதாரம் கேட்டார்களா? சாதிப்பெருமை நூல்களுக்குத் தேதி கேட்டார்களா? எழுதவிடாமல் வைத்திருந்துவிட்டு எழுத்துச் சான்று கேட்பது என்ன நியாயம்?’ இது சரியான கேள்வி. சுமை சமமாக வைக்கப்படவில்லை. கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்றிருந்த ஊரில் எந்தக் கணக்குப்பிள்ளையும் அதை எழுதிவைத்திருக்கமாட்டான். அங்கே பாட்டியின் வாய்மொழிதான் முதல் சான்று. அதை எழுதும்போது எந்த ஊர், யார் சொன்னது, எப்போது சொன்னது, அவர் தாமே பார்த்ததா கேட்டதா என்று குறிப்பது, அந்தப் பாட்டியை அரசு அதிகாரிக்குச் சமமான சாட்சியாக நடத்துவதாகும். குறிக்காமல் ‘வாய்மொழி மரபில் உண்டு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில்தான் அவருக்கு அவமதிப்பு இருக்கிறது.

சுமை சமமில்லை என்பதால் சுமையைக் கீழே போட்டுவிடலாமா? பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை, அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை 1010. அந்த எண்ணைக் காப்பகத்திலிருந்து யாரோ வெளியே கொண்டுவந்தார்கள். நூறாண்டு கழித்து அது கோஷமாகியது. காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். ஒரு அரசாணை எண்ணுக்குப் பின்னால் இரண்டு உயிர் இருக்கிறது. ‘ஆவணம் அதிகாரத்தின் பிரதி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நான் அவர்கள் படத்துக்கு முன்னால் போய் நிற்கமுடியாது.

அதே போராட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்ற எண் மேடைதோறும் சொல்லப்படுகிறது. அந்த எண் கூட்டத்தைச் சேர்க்கும். ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு ஏக்கரை மீட்க அது உதவாது. அங்கே வேண்டியது அந்தக் கிராமத்தின் அ–பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, அதில் நிபந்தனையைக் குறித்த கலம், சர்வே எண். பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை அந்தக் கலத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இங்கே ஆவணத்தை வாசிக்கத் தெரிவது ஒரு அரசியல் செயல்பாடு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது தெரிந்திருக்கிறது. நமக்கும் தெரியவேண்டும்.

ஆகவே எனக்கு நானே சில விதிகளை வைத்துக்கொண்டேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதில்லை. இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது என்றால் அப்படியே சொல்வது. மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பை மேற்கோள் குறிக்குள் போடுவதில்லை. ஆண்டோடு இதழ், பக்கம், எங்கே பார்த்தேன் என்பதையும் நோட்டில் எழுதுவது. தேடிக் கிடைக்காவிட்டால் எந்தெந்த இடத்தில் தேடினேன் என்று எழுதுவது. அடுத்து வருபவருக்கு அந்தப் பயணச்செலவாவது மிச்சம். எனக்குப் பிடித்த சான்றை, பிடிக்காத சான்றைவிட ஒரு முறை கூடுதலாகச் சோதிப்பது. கடைசி விதிதான் கஷ்டமாக இருக்கிறது. எழுதி முடித்த கட்டுரையில் நான் மிகவும் ரசித்த வரியைத்தான் பெரும்பாலும் அது பிடுங்குகிறது.

அந்தக் கருத்தரங்கின் உரைகள் பிறகு தொகுப்பாக வந்தன. என் கட்டுரையில் அந்த மூன்று வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், ‘பறையன்’ இதழின் குரலை அரசு மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலச் சுருக்கம் வழியாகத்தான் நான் அணுக முடிந்தது என்பதையும், அந்தச் சுருக்கத்தில் எது விடுபட்டிருக்கும் என்பதையும் எழுதினேன். மேடையில் வாசித்தால் கைதட்டல் வராத பத்தி அது. தொகுப்பின் பிரதி ஒன்றைத் தபால் இலாகா பெரியவருக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். படித்ததாகச் சொன்னார். நன்றாயிருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. “பக்கம் அறுபத்தெட்டுல ஒரு வருஷம் தப்பா அச்சாயிருக்கு தம்பி” என்றார். எடுத்துப் பார்த்தேன். தப்பாகத்தான் இருந்தது.